உளுந்து டப்பாவுக்குள் யார் கை?

மாத்திரை அட்டையை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத்தான் மலர்விழி உளுந்துக்குள் புதைப்பாள். இன்றைக்கு எழுத்துப் பக்கம் மேலே இருந்தது.

அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. அட்டையைப் புடவைத் தலைப்பில் துடைத்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தினம் ஒன்று கொடுக்கிற அட்டை இத்தனை சீக்கிரம் காலியாகாது. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பது மூன்றே மூன்று பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் கணவர் குமரவேல். பழக்கத்தில் டூட்டிக்குப் போய் வருவதைத் தவிர, தண்ணீர் குடிக்கக்கூட யாராவது சொன்னால்தான் எழுந்திருக்கிற நிலையில் இருப்பவர் அவர். மிச்சம் இருப்பது, நாலு நாளைக்கு முன் காடாம்புலியூரிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து இறங்கிய நாத்தனார் வீரம்மாள்தான்.

வீரம்மாள் வந்த அன்றே மலர்விழிக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிடாமல் வந்த விருந்தாளி. எப்போது போவாள் என்ற பேச்சே இல்லை. கேட்டால், "தம்பியப் பாக்கணும்னு தோணிச்சு, வந்தேன்" என்று சிரிக்கிறாள். தை மாதம் கூப்பிட்டபோது வராதவளுக்கு இப்போது மட்டும் எப்படித் தோன்றியது?

மலர்விழி இப்படி ஒளித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலை பார்க்கிற குமரவேல், பொங்கலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாடு குறைந்தது. தூக்கம் போனது. அணைத்து வைத்த டி.வி. முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதிதான்" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தக் குரலில் கோபமோ அழுகையோ இருந்திருந்தால்கூட மலர்விழி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அந்த வாரமே வடலூர் மனநல மருத்துவர் எழில்மதியிடம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இது மனச்சோர்வு. சரியாகக்கூடிய வியாதிதான்" என்றார் டாக்டர். தினம் ஒரு மாத்திரை, காலையில், சாப்பிட்ட பிறகு. முதல் இரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் வரலாம். மனசு தெளிய நாலிலிருந்து ஆறு வாரம்கூட ஆகலாம், அதற்குள் பலன் இல்லை என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. அட்டை உங்கள் கையில் இருக்கட்டும், அவர் கையில் வேண்டாம். சாகிற பேச்சு எடுத்தால் எந்த நேரமானாலும் அழைத்து வாருங்கள். எல்லாவற்றுக்கும் மலர்விழி தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது குமரவேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாருக்கும் தெரிய வேணாம் மலரு. செக்‌ஷன்ல தெரிஞ்சா ஒரு மாதிரி பாப்பானுங்க. எங்கக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது."

அந்த அக்காதான் இப்போது கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பைக் சத்தம் கேட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து குமரவேல் உள்ளே வந்தார். சட்டை முழுக்க வியர்வை. இந்த நேரத்துக் காற்றில் வியர்க்க என்ன இருக்கிறது? கை கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். இட்லியைப் பிய்த்த விரல்கள் நடுங்கின. சட்னியில் தோய்த்த துண்டு வாய்க்குப் போகும் முன்னே மடியில் விழுந்தது.

"ராத்திரி நாலு தடவ வயித்தால போச்சு. ஒக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. உள்ள யாரோ ஓடிகினே இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"டாக்டரம்மா சொன்னாங்களே, மொத ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும்னு."

"போன வாரம் இப்படி இல்லியே மலரு. நிறுத்திடலாமா?"

அவள் மாத்திரையை அவர் கையில் வைத்தாள். அவர் விழுங்கினார். ஏன், எதற்கு என்ற கேள்வி ஒன்றும் இல்லை. அந்தப் பணிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய குமரவேல் காய்ச்சல் மாத்திரைக்கே காலாவதி தேதி பார்க்கிற ஆள். அவர் படுக்கப் போனதும் அட்டையைப் பழையபடி உளுந்துக்குள் புதைத்தாள்.

ஆனால் அவர் சொன்னது அவள் மூளையில் ஒட்டிக்கொண்டது. போன வாரம் இப்படி இல்லை. போன வாரம் லேசான குமட்டல் மட்டும்தான். இந்த வாரம்தான் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம். இந்த வாரம் புதிதாக வந்தது என்ன? நைட் ஷிஃப்ட் வந்தது. அதோடு நாத்தனாரும் வந்தாள். ஷிஃப்ட் இருபது வருஷமாக வந்துபோகிறது, அதனால் யாருக்கும் கை நடுங்கியது இல்லை.

"என்னம்மா மலரு, தம்பி வந்துட்டானா?" வீரம்மாள் எழுந்து வந்தாள். வந்ததும் வராததுமாக அடுப்படியில் சுக்கு தட்ட ஆரம்பித்தாள். "நேத்தே அவனுக்கு வயிறு செரியில்லன்னான். ஒரு கஷாயம் வெச்சிக் குடுக்கறேன்."

"வெறும் சுக்குதானே அண்ணி?"

"வேற என்னா போடுவாங்க?"

கேட்ட கேள்விக்கு இது பதிலா? வீரம்மாள் குளிக்கப் போன நேரம் பார்த்து மலர்விழி கஷாயத்தை முகர்ந்து பார்த்தாள். சுக்கு வாசனைதான் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முருங்கைக்கு வயிறு சரியாகியிருக்கும்.

அவள் பள்ளிக்கூட ஆபீஸுக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறத்திலிருந்து வீரம்மாளின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், இப்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம். நான் பாத்துக்கறேன். நீ அழாத."

பின்னல் பாதியிலேயே நின்றது. எந்த ரெண்டு பேர்? என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள்? மலர்விழி கேட்டதை முகத்தில் காட்டாமல், "போய்ட்டு வரேன் அண்ணி" என்று டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆபீஸில் உட்கார்ந்தாளே தவிர, வேலை ஓடவில்லை. தம்பி மாத்திரை சாப்பிடுவது தெரிந்து அதைத் திருடி யாரிடமாவது காட்டுகிறாளா? அல்லது மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மந்திரித்த எதையாவது சோற்றில் கலக்கிறாளா? அதனால்தான் கை நடுங்குகிறதா? மதிய மணி அடிப்பதற்கு முன்னே தலைவலி என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது முழுப் பொய்யும் இல்லை.

முன்வாசல் வழியாகப் போகவில்லை. பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாக வந்து, கொல்லைக் கதவை ஓசையில்லாமல் திறந்து, துவைக்கிற கல்லோரம் நின்றாள். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைய வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே வீரம்மாள் தட்டில் தயிர்ச்சோறு போட்டாள். பக்கத்தில் ஊறுகாய் வைத்தாள். பிறகு ஒரு தடவை கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மேல் தட்டிலிருந்து உளுந்து டப்பாவை இறக்கினாள்.

மலர்விழி ஜன்னலோரம் நெருங்கினாள்.

வீரம்மாளின் கை உளுந்துக்குள் போனது. அட்டை வந்தது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். அட்டையைத் திரும்ப உள்ளே வைத்து, மேலே உளுந்தை விரலால் சமமாக நிரவினாள். அந்த வேலையில் அவ்வளவு பழக்கம் தெரிந்தது.

"கொமாரு, எழுந்துட்டியாடா? சோறு போட்டுட்டேன். சாப்ட்டுட்டு இதப் போட்டுக்கோ."

வீரம்மாள் தட்டைக் கூடத்தில் தம்பி முன் வைத்து, மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். அப்படியானால் திருடவில்லை. கொடுக்கிறாள்! மலர்விழி கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"அண்ணி! என்னா குடுக்கறீங்க அவருக்கு?"

வீரம்மாள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. கூடத்தில் தட்டின் முன் குமரவேல், உள்ளங்கையில் மாத்திரையோடு, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் மாத்திரையத்தான் குடுக்கறேன்" என்றாள் வீரம்மாள். "நீ ஏன் பேய் மாதிரி கொல்லைப்பக்கமா வர?"

"அத நான் காலையிலயே குடுத்துட்டேன்!"

"காலையிலயா? எப்ப குடுத்த? அவன் இப்பதான் எழுந்தான்."

"டூட்டி முடிஞ்சி வந்து இட்லி சாப்பிட்டாரே, அப்ப. தினமும் அப்பதான் குடுக்கறேன்."

வீரம்மாள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "அய்யோ... நீ தூங்கிட்டிருக்கிறவன எழுப்ப மனசு வராம, குடுக்காம வேலைக்குப் போயிடறேன்னு நெனச்சேனே. வந்த மறுநாளு உளுந்து ஊறப்போடலாம்னு டப்பாவுல கைய விட்டேன், அட்டை வந்துச்சி. நீ ஒளிச்சி வெச்சத எடுத்துக் கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும். மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. அதான் அவன் எழுந்து சாப்ட்டதும் நானே குடுத்துகினு இருந்தேன்."

"எத்தன நாளா?"

"அன்னையிலருந்து."

ஆக, வீட்டிலிருந்த ஒரு மாத்திரையை இரண்டு பெண்கள் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒளித்து ஒளித்துக் கொடுத்திருக்கிறார்கள். அக்கறையில் யாரும் குறை வைக்கவில்லை. கை நடுங்கியவர்தான் பாவம், நடுவில் உட்கார்ந்திருந்தார்.

மலர்விழி கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அண்ணி குடுக்கும்போது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மலரு குடுத்துட்டான்னு?"

குமரவேல் யோசித்துப் பதில் சொன்னார். "நைட் ஷிஃப்ட்ல விடியக்காலம் நீ போடறது எனக்கு ராத்திரி சாப்பாடு மலரு. இப்ப எழுந்து சாப்பிடறதுதான் எனக்குக் காலை டிபன். ஷிஃப்ட்டுக்காரன் வூட்ல அப்படித்தான். ராத்திரிக்கு ஒண்ணு, காலைக்கு ஒண்ணு போல இருக்குன்னு நெனச்சேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "அப்படி நெனச்சேன்னு சொல்றதுகூட பொய்தான். ஒண்ணும் நெனைக்கல. நீங்க எது குடுத்திருந்தாலும் முழுங்கியிருப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியம் மலர்விழியைப் பிடித்து உலுக்கியது. காலையிலிருந்து மாத்திரையை யார் எடுக்கிறார்கள் என்றே காவல் காத்தாள். எது கொடுத்தாலும் விழுங்குகிற இடத்துக்கு அந்த மனிதர் போய்விட்டதைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டும் பார்க்கவில்லை. அவர் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு டாக்டருக்கு போன் போட்டாள்.

டாக்டர் எழில்மதி திட்டவில்லை. காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு விறைக்கிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றும் இல்லை. "சரி, இன்னைக்கு வேற மாத்திரை குடுக்காதீங்க. நடுக்கம் இருக்கிறதால நான் பார்த்தே ஆகணும். பைக் ஓட்ட விடாதீங்க, ஆட்டோவுல அழைச்சிட்டு வாங்க. கஷாயம், வலி மாத்திரை, சளி டானிக்னு வேற எது குடுத்திருந்தாலும் சொல்லுங்க. சிலது இந்த மாத்திரையோட சேரக் கூடாது."

"கஷாயத்த முருங்கைக்கு ஊத்திட்டேன் டாக்டர்" என்றாள் மலர்விழி. வீரம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

வடலூர் கிளினிக்கில் டாக்டர் காய்ச்சல் பார்த்தார், நாடி பார்த்தார், கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார். பிறகு, "இவர்கிட்ட தனியா கொஞ்சம் பேசணும்" என்று பெண்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

மலர்விழிக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "அண்ணி, அட்டையில பேரு இங்கிலீஷ்ல இருக்கு. சாப்ட்டதும் ஒண்ணு, தவறக் கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

வீரம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். வெற்றிலைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மலர்விழியின் மடியில் வைத்தாள். அதே மாத்திரை, அதே பெயர்.

"ஊருக்கெல்லாம் பிரஷர் மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்க வூட்டுக்காரரு செத்த வருசத்துலருந்து சாப்படறேன். கலரப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி, தம்பிக்கும் வந்துடுச்சின்னு."

மலர்விழி அட்டையிலிருந்த பெயரை இன்னொரு முறை படித்தாள்.

"மொத தடவ நாலஞ்சி மாசம் சாப்ட்டேன். நல்லாயிடுச்சி. நல்லாயிட்டமே, இன்னும் எதுக்குன்னு நானே நிறுத்திப்புட்டேன், யாரையும் கேக்கல." வீரம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முந்திரித் தோப்புக் கெணத்துல நான் வழுக்கி வுழுந்தேன்னு உங்கிட்ட சொல்லியிருப்பாங்க."

"ஆமா."

"நான் வழுக்கல மலரு."

உள்ளே யாருக்கோ டோக்கன் கூப்பிட்டார்கள். வீரம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கெணத்துல எறங்கித் தூக்கினது கொமாரு. இன்னி வரைக்கும் ஒரு உசுருகிட்டயும் சொல்லல. அதான், அவன் நிறுத்தறேன்னு சொன்னா எனக்குக் கொல நடுங்குது."

போன தடவை இதே டாக்டர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டது மலர்விழிக்கு நினைவு வந்தது. குமரவேல் பட்டென்று, "அப்படி யாருமில்லீங்க" என்றார். அக்காவின் மானத்தைக் காப்பாற்றத் தன் வைத்தியத்திலேயே பொய் சொல்லியிருக்கிறார். மலர்விழி நகர்ந்து உட்கார்ந்து, நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அந்தக் கை தொட்டதையெல்லாம் முகர்ந்து பார்த்தவள் அவள். இப்போது வெட்கமாக இருந்தது.

டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். வீரம்மாள் தானாகவே தன் அட்டையை மேஜை மேல் வைத்தாள். குமரவேல் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்கள் கலங்கியதை மலர்விழி பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. கூடப் பிறந்தவங்களுக்கு ஒத்துக்கிட்ட மருந்துன்னா எனக்கும் ஒரு தெம்பு" என்றார் டாக்டர். "பயப்படற அளவுக்கு இல்ல. ரெண்டு மடங்கு போனதால வந்த தொந்தரவுதான், குறைஞ்சிடும். காய்ச்சலோ விறைப்போ வந்தா மட்டும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ரெண்டு நாளைக்கு டூட்டி வேண்டாம். இந்தக் கையோட மெஷின் பக்கம் போகக் கூடாது."

பிறகு குமரவேலைப் பார்த்துக் கேட்டார். "காலையில ஒண்ணுன்னு நான் சொன்னதுதான் தப்பு. ஷிஃப்ட்டுக்காரர்னு யோசிக்கல. நீங்களே சொல்லுங்க, எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் நீங்க முழிச்சிருந்து ஏதாவது சாப்பிடற நேரம் எது?"

குமரவேல் ஷிஃப்ட்டுகளை விரல் விட்டு எண்ணினார். "நாலு மணி டீ" என்றார். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா வூட்ல இருப்பேன். நைட்டுன்னா எழுந்துடுவேன். செகண்ட் ஷிஃப்ட்டுன்னா ஸ்பாட்லயே டீ, பன்னு வரும்."

"அப்ப நாலு மணி. ஷிஃப்ட் மாறும், மாத்திரை நேரம் மாறக் கூடாது. தூக்கம் கெட்டா வந்து சொல்லுங்க, நானே மாத்தித் தரேன். செகண்ட் ஷிஃப்ட் அன்னைக்கு மட்டும் உங்க வீட்டம்மா ஒரே ஒரு மாத்திரை குடுத்தனுப்பட்டும். ஒருத்தர்தான் குடுக்கணும், ஆனா வீட்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்."

மறுநாள் சாயங்காலம். உளுந்து டப்பாவில் வெறும் உளுந்து மட்டும்தான் இருந்தது. பீரோவில் பூட்டி வைத்திருந்த மாத்திரை அட்டையை மலர்விழி எடுத்து வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில், எழுத்துப் பக்கம் மேலே பார்க்க, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். வீரம்மாள் பலாச்சுளையை உரித்துக்கொண்டிருந்தாள். மலர்விழி டீயும் இரண்டு பன்னும் கொண்டுவந்து வைத்தாள். குமரவேலின் நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதற்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன என்று மலர்விழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பன் தின்று முடித்ததும் மாத்திரையைக் கையில் வைத்தாள்.

அவர் விழுங்கவில்லை.

மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டி அட்டையை எடுத்து, பெயரைப் படித்தார். பின்பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு காலாவதி தேதியைப் பார்த்தார். பிறகு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்கு இதுதானே மொதல்? அக்கா எதுவும் குடுக்கலியே?"

"நீங்களே அவங்களக் கேளுங்க."

"அக்கா, டீயில எதனா போட்டியா?"

"போடா டேய்" என்றாள் வீரம்மாள். ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது.

மலர்விழி அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற மனிதர் சந்தேகப்படுகிறார். சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து அவள் சலித்துக்கொண்ட அந்தக் குணத்தைப் பார்த்து இன்று சாமிக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டும் போலிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, பலாப்பழத்துக்குப் பக்கத்திலிருந்த வீரம்மாளின் போன் அடித்தது. திரையில் தெரிந்த பெயரை மூன்று பேருமே பார்த்தார்கள்.

தமிழ்நிலா.

சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற அவர்கள் மகள். அம்மா போன் செய்தால் வகுப்பு இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிற பெண். ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம், நீ அழாத என்று நேற்றுக் கொல்லைப்புறத்தில் கேட்ட வார்த்தைகள் மலர்விழியின் காதில் திரும்ப ஒலித்தன. அந்த ரெண்டு பேர் அவளும் குமரவேலும்தான், அழுதது மகள்.

வீரம்மாள் பலாப்பிசுக்குக் கையாலேயே போனை அள்ளிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தாள்.

குமரவேல் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அக்கா போன திசையையே பார்த்தார்.

"மலரு, நம்ம பொண்ணு எதுக்கு நம்மள வுட்டுட்டு அக்காவக் கூப்புடறா?"

குமரவேல் யாரும் சொல்லாமலே எழுந்து கொல்லைக் கதவை நோக்கி நடந்தார்.